பதினொரு பேர் வாபஸ்

அன்று காலை பத்தேகாலுக்கு எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பைக்குள் போன் அடித்தது. எடுத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே இரு, அரை மணியில் ஆள் வரும் என்று யாருக்கோ சொல்லிவிட்டு வைத்தார். வைத்த மறு நிமிஷம் திரும்பவும் அடித்தது. அதையும் பேசி முடித்த பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க. எங்க ஹெல்ப்லைன் இதுதான். மொத்த ஆபீசும் இந்தப் பைக்குள்ள இருக்கு."

அண்ணி நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். அதற்குமேல் நிற்க முடியாமல் அவர் உட்கார்ந்தார். அண்ணியின் வேலைமுறை அதுதான். வாயால் சொல்லி நடக்காததை நாற்காலியால் நடத்திவிடுவார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருஷம் தொழிலாளர் ஆய்வாளராக இருந்தவர். ஒரு மில்லில் அவசர வழி பூட்டிக் கிடந்ததைப் பற்றி எழுதிய அறிக்கையை மாற்றித் தரச் சொன்னார்கள். அறிக்கையை அப்படியே வைத்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து கீழே அண்ணனின் ஜெராக்ஸ் கடை, மேலே எங்கள் துப்பறியும் அலுவலகம். நான் பதினேழு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். அச்சகம் மூடியதும் அண்ணியோடு ஒட்டிக்கொண்டேன். வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தானை மட்டும் கம்பெனிக்காரன் வைக்கவில்லை என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

வந்தவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்காக ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறவர். அவரே ஒரு காலத்தில் காலர் தைத்தவர்தான். சூப்பர்வைசர் கை ஓங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஓவர்டைம் கூலியை விழுங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், வீட்டில் புருஷன் அடித்து முகம் வீங்கி வேலைக்குப் போக முடியாவிட்டாலும் அவரைத்தான். இத்தனைக்கும் அந்த ஒரு போன்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு மானியம் அறிவித்திருந்தது. வன்முறைத் தடுப்புக்கும் தொழிலாளர் உரிமைக்கும் வேலை செய்கிற அமைப்புகளுக்கு மூன்று வருஷ உதவி. கிடைத்தால் போன் எடுக்க ராப்பகலாக மூன்று பேர், நிரந்தரமாக ஒரு வக்கீல், வீட்டைவிட்டு வர நேர்ந்தவர்கள் தங்க இரண்டு அறை. அமைப்பாளர் விண்ணப்பம் போட்டார். கூடவே ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் பதினொரு பெண்களின் வாக்குமூலங்களை இணைத்தார். முதல் சுற்றில் தேறியும் விட்டார்கள்.

முந்தின நாள் மாலை நோட்டீஸ் வந்தது. வாக்குமூலம் தந்த பதினொரு பேரும் வாபஸ் வாங்கிவிட்டார்கள், அப்படி ஓர் அமைப்பையே தெரியாது என்று தனித்தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே மறுநாள் மூன்று மணிக்குள் அந்தப் பெண்களின் அடையாளத்தை மானியம் தரும் துறையின் அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி, மோசடி வழக்கு வேறு.

கடிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ரகசியம் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்களாம். வேலை நேரத்தில் பெண்களின் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். ஆகவே அவர்களில் விடுப்பில் வீட்டில் இருந்த ஒருத்தி மூலமாக, பதினொரு பேரும் மூன்று மணிக்கு நேரில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அடையாள அட்டை நகல்களை உறை போட்டு ஒட்டிப் பையில் வைத்திருந்தார்.

"அவங்க வந்து நின்னா கேஸ் முடிஞ்சிடும்" என்றார். "ஆனா பதினொரு பேரையும் ஒரே நாள்ல யார் எப்படி மிரட்டினாங்கன்னு தெரியாம நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை மணி நேரம் இருந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

செய்தி சொல்லி அனுப்பப்பட்ட அந்தப் பெண் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு பார்த்துத் தள்ளுகிற வேலை. கையில் அடிபட்டு விடுப்பில் இருந்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால், வரிசையாகப் பத்து வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கிற சந்தில் அவள் வீடு. கதவைத் திறந்தது மாமியார். ஒரு சாண் இடைவெளிதான் திறந்தார். அந்த ஒரு சாணில் ஒரு கண்ணும் ஒரு துடைப்பமும் தெரிந்தன. மருமகள் ஊரில் இல்லை என்றார். உள்ளே மருமகள் இருமினாள். ஊரில் இல்லாதவங்களுக்கு இருமல் நல்லா கேக்குதே அம்மா என்றேன். துடைப்பம் உயர்ந்தது. அண்ணி என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, அமைப்பாளர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் காட்டினார். துடைப்பம் மூலைக்குப் போய் டீ வந்தது.

செக்கரின் வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. ஒன்பது நாளாகிறது என்றாள். மூன்றாவது நாளாகத் தொடர்ந்து ஓவர்டைம் இருக்கச் சொன்னதற்கு முடியாது என்றிருக்கிறாள். சூப்பர்வைசர் மேஜை டிராயரை ஓங்கி அறைந்து மூடினான். கத்தரிக்கோலை எடுக்கப் போன அவள் விரல்கள் உள்ளே இருந்தன.

வாபஸ் கடிதத்தைப் பற்றி அண்ணி கேட்கும் முன்பே மாமியார் குறுக்கே வந்தார். மருமகளின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து எங்கள் முன்னால் நீட்டினார். "சோறு உருட்டவே நான்தான் கை குடுக்கிறேன். இந்தக் கையால எவ கடுதாசி எழுதினா?"

செக்கருக்கு வேதனை வேறு. நேற்று ராத்திரி செய்தி பரவியதும் பதினொரு பேரும் ஆளுக்கு ஆள் போன் போட்டிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை, அப்படியானால் நீதான் என்று ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டிருக்கிறார்கள். அரை வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்து ஒருத்தர் பெயர் வராமல் காத்தவர்கள், ஒரே ராத்திரியில் முகம் கொடுத்துப் பேசாமல் ஆகிவிட்டார்கள்.

"மேனேஜ்மென்டுக்கு உங்க பதினொரு பேரும் யார் யார்னு தெரியுமா?" என்று அண்ணி கேட்டார்.

தெரியாது என்றாள். மூன்று வாரமாக எச்.ஆர். மேனேஜர் ஒவ்வொரு தையல் வரிசையாக வந்து பேசுகிறாராம். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியைக் காட்டிக் கொடுத்தால்கூட போதும், லைன் லீடர் பதவி என்று ஆசை காட்டியிருக்கிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கிளம்பும்போது செக்கர், மூன்று மணிக்கு அந்த அறையில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். அதிகாரிகள் இருப்பார்கள், தொழிற்சாலைத் தரப்பிலிருந்தும் ஒருவர் இருக்கலாம் என்றார் அண்ணி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

துறை அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். கோப்பைக் காட்ட முடியாது என்றார். விண்ணப்பதாரரோ அவர் அதிகாரம் தந்தவரோ தங்கள் கோப்பைக் கேட்டுப் பார்வையிடலாம் என்கிற விதியை அண்ணி எண்ணோடு சொன்னார். எழுத்தர் அந்த எண்ணைச் சுவரில் தேடுகிறவர்போல் அண்ணாந்து பார்த்தார். நீங்க சாப்பிடுங்க சார், சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நாங்க படிச்சிடறோம், ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம் என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோப்பைத் தள்ளினார்.

பதினொரு கடிதம். எல்லாம் ஒரே தாள், ஒரே தட்டச்சு, வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாசகம். கீழே வெவ்வேறு பேனாவில் கையெழுத்துகள். ஒவ்வொன்றிலும் 'என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது' என்று எச்.ஆர். மேனேஜரின் சீல், ஐந்து நாள் முந்தின தேதி. செக்கரின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் எந்தக் கடிதம் அவளுடையதானாலும், கை கட்டுப் போட்டவள் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வழியே இல்லை.

"யார் எழுதினாங்கன்னு தெரியுது அண்ணி. ஒரே அம்மா பெத்த பதினொரு கடிதம்."

"அது தெரியுது. அதுக்குமேல ஏதாவது இருக்கா பாரு. உன் கண்ணுக்குத்தான் சம்பளம்."

பார்த்தேன். புரூஃப் பார்க்கிறவளுக்கு வாசகம் கண்ணில் படாது, எழுத்துதான் படும். ஐந்தாவது கடிதத்தில் பட்டது. பெயரில் 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள'. தட்டச்சில் மட்டுமில்லை, கையெழுத்திலும் அதே 'ள'. ழகரத்தைக் கொன்று போட்டிருக்கிறார்கள் என்று அண்ணியிடம் காட்டினேன்.

"தன் பேரைத் தானே தப்பா எழுதறவங்க உண்டா?" என்றார் அண்ணி.

"அண்ணன் கல்யாணப் பத்திரிகையில உங்க பேரையே தப்பாப் போட்டான். ஆனா ரிஜிஸ்டர்ல நீங்க சரியாத்தானே கையெழுத்துப் போட்டீங்க."

அண்ணி சிரிக்கவில்லை. கோப்பைப் பின்னால் புரட்டி, அமைப்பாளர் தந்த வாக்குமூல இணைப்பை எடுத்தார். பதினொரு பெயர்ப் பட்டியல். ஐந்தாவது பெயரில் அங்கேயும் முதலில் 'ள' என்றுதான் அச்சாகியிருந்தது. ஆனால் அதைப் பச்சை மையால் அடித்து மேலே 'ழ' போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தது. எழுத்தரைக் கேட்டோம். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. விண்ணப்பம் கொடுத்த அன்று வாக்குமூலத்தில் இருப்பதோடு ஒத்துப்போக இதே மேஜையில் நின்று அமைப்பாளர் திருத்தினார், பச்சைப் பேனா தன்னுடையது, திருப்பித் தர மறந்துவிட்டார் என்றார். வேறு பிரதி உண்டா என்றதற்கு, முந்தின நாளே மின்னஞ்சலில் ஒன்று நேராக வெளி மதிப்பீட்டாளருக்குப் போனது, அது மட்டும்தான் என்றார். துறைக்கு வெளியிலிருந்து விண்ணப்பங்களை எடைபோட அமர்த்தப்பட்டவர் அவர். அந்தப் பிரதியில் திருத்தம் இல்லை.

அண்ணியின் விரல் பட்டியலின் கீழே இறங்கி நின்றது. எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. செய்தித்தாளில் நாம் எல்லாரும் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போகிற வரி. அதைப் படித்ததும் அண்ணி கோப்போடு எழுந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து.

"உறை" என்றார். "அந்த உறையைத் திறக்கக் கூடாது. ஓடு."

விசாரணை அறை மூன்றாவது மாடி. நீள மேஜையின் நடுவில் துறை இயக்குநர். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு மதிப்பீட்டாளர், மினுமினுப்பான சட்டைக்காரர். ஜன்னலோரம் தொழில் தரப்புப் பார்வையாளர் என்று எச்.ஆர். மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அமைப்பாளர் உறையை நீட்டிக்கொண்டிருந்தார். இயக்குநரின் கையும் நீண்டிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் மேஜைமேல் உறை. அண்ணி உள்ளே போன வேகத்தில் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

யார் நீங்கள் என்று இயக்குநர் கேட்டார். அதிகாரம் பெற்ற பிரதிநிதி என்று கடிதத்தை வைத்துவிட்டு, அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பதினொரு கடிதமும் உங்க முன்னாடிதான் கையெழுத்தாச்சா?"

"சீல் போட்டிருக்கேனே" என்றார் எச்.ஆர். மேனேஜர்.

"பதினொரு பேரையும் நேர்ல பார்த்தீங்க."

"என் ஸ்டாஃப். தினம் பார்க்கிறேன்."

"ஐந்தாவது அம்மா தன் பேரையே தப்பா எழுதியிருக்காங்க. அப்ப நீங்க சொல்லலையா?"

அதிகம் படிக்காத பெண்கள், எழுத்துப்பிழை சகஜம்தான் என்றார். கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார்.

அண்ணி இணைப்பை எடுத்து இயக்குநர் முன்னால் வைத்தார். கடைசி வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கிட்டத்தில் கொண்டுவந்து படித்தார்.

"பாதிக்கப்பட்டோரின் பாதுகாப்புக் கருதி, மேற்கண்ட அனைத்துப் பெயர்களும் மாற்றப்பட்டுள்ளன."

அமைப்பாளர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். கடிதங்களில் என்ன பெயர் இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லையே.

"உங்க துறை போட்ட விதிதான் சார் அது, உண்மைப் பேர் எழுதக்கூடாதுன்னு" என்றார் அண்ணி. "இந்தப் பட்டியல்ல இருக்கிற பேர்ல அந்தத் தொழிற்சாலையில ஒருத்தர்கூட கிடையாது. இல்லாத பதினொரு பேர் இவர் ரூமுக்கு நடந்து வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. தினம் வேற பார்க்கிறாராம்."

"சம்பளம் கேக்காத ஸ்டாஃப்" என்றேன் நான். யாரும் என்னைப் பேசாதே என்று சொல்லியிருக்கவில்லை.

அண்ணி ழகர விஷயத்துக்கு வந்தார். துறையின் பிரதியில் பச்சை மையில் திருத்தம் இருக்கிறது, திருத்தம் இல்லாத பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்று, கடிதம் எழுதியவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். மதிப்பீட்டாளர் மடிக்கணினியை மூடப் போனார். அதைத் திறந்தே வைக்கும்படி இயக்குநர் மெதுவாகச் சொன்னார். மின்னஞ்சலை யாராவது திருடியிருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இயக்குநருக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. பொய்ப் பெயர் என்று தெரிந்தே ஏன் அந்தப் பெயரில் கடிதம் தயாரிக்க வேண்டும் என்று கேட்டார்.

"இவங்ககிட்ட இருந்தது அந்தப் பேர்தான் சார். மூணு வாரமா ஆளைத் தேடினாங்க, கிடைக்கல. வாபஸ்னு கடிதம் வந்தா நீங்க அடையாளம் கேப்பீங்க. இந்தம்மா பதறிப்போய் உறையைப் பிரிப்பாங்க. பூட்டை உடைக்க ஒரு கடப்பாரை தேவைப்பட்டுது. நோட்டீஸ்ல இருக்கறது உங்க கையெழுத்து."

இயக்குநர் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதிப்பீட்டாளர் எழுதித் தந்த குறிப்பைப் படிக்காமலே போட்டேன் என்று கடைசியில் சொன்னார். அதை ஒப்புக்கொள்ள அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். எச்.ஆர். மேனேஜர் எழுந்தார். அவர் முகத்தில் தோல்வியே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்தார், போனை எடுத்து கேமராவை வாசல் பக்கம் பிடித்தார்.

"கடிதம் போகட்டும். மூணு மணிக்கு அந்தப் பெண்கள் நேர்ல வர்றாங்கன்னு இவங்கதான் முன்னாடி சொன்னாங்க. வரட்டும், பார்க்கலாம்."

அமைப்பாளர் உறையை எடுத்துப் பைக்குள் திணித்தார். உறை காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கிற பதினொரு முகமும் பஸ் ஏறி இங்கேதான் வந்துகொண்டிருந்தன. வரச் சொன்னது அமைப்பாளரேதான். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் படியில் இருந்தேன். ஐம்பது வயதில் மூன்று மாடி இறங்குவது என்றால் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்கும். கேட்க விடவில்லை. வாசலைத் தாண்டி நிறுத்தத்துக்கு ஓடியபோது பஸ் வந்து நின்றுவிட்டது.

முதலில் இறங்கியவள் செக்கர். மார்போடு சேர்த்துக் கட்டிய கை. அவளை வழிமறித்து, இறங்காதீங்க, திரும்பிப் போங்க, மேலே ஜன்னலில் அந்த ஆள் படம் பிடிக்கிறான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"தெரியும்ங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது ஆளும் இறங்கினாள். இருபதாவது ஆளும் இறங்கினாள். பஸ் காலியாகும் முன் பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்தும் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே நீல ஏப்ரன், எல்லார் தலையிலும் பஞ்சு பறக்காமல் கட்டுகிற அதே துணி, முக்கால்வாசி முகத்தை மறைக்கிற அதே மாஸ்க். நாற்பதுக்குப் பிறகு என் எண்ணிக்கை தவறிவிட்டது.

நடந்துகொண்டே அவள் சொன்னாள். நாங்கள் போன பிறகு யோசித்திருக்கிறாள். தொழிற்சாலை ஆளும் இருக்கிற இடத்துக்குப் பதினொரு பேர் மட்டும் ஒன்றாகப் போனால், தங்களைத் தாங்களே எண்ணிக் காட்டியதாகிவிடும். உடனே மாமியாரையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய், சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்தவர்களிடம் பேசியிருக்கிறாள். செக்யூரிட்டி கேட்டைச் சாத்தச் சங்கிலியை எடுத்திருக்கிறான். அவன் பூட்டைத் தேடுவதற்குள் மூன்று தையல் வரிசையும் வெளியே வந்துவிட்டதாம். அரை நாள் கூலி போகும், வேலையே போனாலும் போகும் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்.

"நேத்து வரைக்கும் உங்களுக்குள்ளயே பேச்சு இல்லையேம்மா."

"யார் மாத்திப் பேசினீங்கன்னு நான் கேக்கல. யார் வர்றீங்கன்னு மட்டும் கேட்டேன்."

படிக்கட்டு போதவில்லை. மூன்று மாடியும் நீலமாக நிறைந்தது. அறைக்குள் எத்தனை பேர் நுழைய முடியுமோ அத்தனை பேர் நுழைந்தார்கள், மற்றவர்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். எச்.ஆர். மேனேஜரின் கையில் போன் இன்னும் இருந்தது. கை மட்டும் இடுப்புக்கு இறங்கியிருந்தது. கேமரா தரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டிய பதினொரு முகமும் அவர் கண் முன்னால்தான் இருந்தன. ஒன்றைக்கூட அவரால் பொறுக்கி எடுக்க முடியவில்லை.

இயக்குநர் கெட்டவர் இல்லை, களைத்தவர். கூட்டத்தைப் பார்த்ததும் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். தொழிலாளர் உரிமை என்ற சொல்தான் முதலாளிகள் கண்ணை உறுத்துகிறது, விண்ணப்பத்தில் அந்தப் பாதியை மட்டும் அடித்துவிட்டு வன்முறைத் தடுப்பு என்று வைத்துக்கொண்டால், இப்போதே, இந்த மேஜையிலேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார்.

அமைப்பாளர் அந்தப் பேனாவையே பார்த்தார். அவர் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்திருந்தது. மூன்று ஆள், ஒரு வக்கீல், இரண்டு அறை, ஒரு கோடு. எனக்கே ஒரு நொடி, அடித்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. அமைப்பாளர் தலையை அசைத்தார், முடியாது என்று. அதற்குள் செக்கர் மேஜைக்கு வந்துவிட்டாள். கட்டுப் போட்ட கையை அந்த விண்ணப்பத்தின்மேல் வைத்தாள்.

"டிராயரை அறைஞ்சு மூடினான். அது வன்முறைன்னு எழுதிக்கிறீங்க. ஓவர்டைம் மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் மூடினான். அது உரிமை, அது வேண்டாம்னு சொல்றீங்க. கை ஒண்ணுதானே சார். எப்படி ரெண்டா வெட்டறது?"

இயக்குநர் அந்தக் கையைப் பார்த்தார். பேனாவை மூடினார். அன்றைக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. மதிப்பீட்டாளரை வெளியே போகச் சொன்னார். விண்ணப்பத்தை ஒரு சொல்கூட அடிக்காமல் புதிய குழு பார்க்கும் என்றார். பார்த்தது. பன்னிரண்டாம் நாள் மானியம் இரண்டு பாதியோடும் வந்தது. தொழிற்சாலை அத்தனை பேருக்கும் அரை நாள் கூலியைப் பிடித்தது. அதற்குப் போட்ட வழக்கு இப்போது அண்ணியின் மேஜையில் இருக்கிறது. பொய்ச் சீல் போட்ட வழக்கில் எச்.ஆர். மேனேஜர் வாய்தாவுக்கு அலைகிறார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கூட்டம் கலையும் முன் பிரிவு எழுத்தர் கதவோரம் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஆஜரானோர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கழுத்தை நீட்டித் தாழ்வாரத்தைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற செக்கரிடம், வாக்குமூலம் குடுத்தவங்க எத்தனை பேரும்மா வந்திருக்கீங்க, என்னன்னு போட என்று கேட்டார். ஜன்னலோரம் ஒரு தலை சட்டென்று திரும்பியது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"எல்லாரும்னு போடுங்க" என்றாள்.

எழுத்தர் போட்டார்.